வாய் நிறைய கெத்துப்பாட்

எங்கள் தெருவுக்குப் புதுத் தலைவர் வேண்டும் என்ற செய்தி பரவிய அன்றே பதினோரு ஆண்களுக்கு முதுகுவலி வந்தது. மூன்று பேருக்குச் சர்க்கரை ஏறியது. பனைமரம் போல இருந்த ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், தனக்குக் காது கேட்பதே இல்லை என்று மனைவியை அனுப்பி வீடு வீடாகச் சொல்லவைத்தார். நான் மட்டும்தான் ஒரு நோயும் இல்லாமல் மாட்டிக்கொண்டேன். ஓய்வு பெற்றவன், ஆரோக்கியமானவன், அகலமான கூடம் உள்ளவன். இதைவிடப் பெரிய குற்றம் எங்கள் ஊர் வெலேரியில் கிடையாது.

எங்கள் ஊரில் முப்பது வீட்டுக்கு ஒரு தெருத் தலைவர். குழந்தை பிறந்தால் அவர் முத்திரை வேண்டும். ஆள் போய்ச் சேர்ந்தாலும் அவர் முத்திரை வேண்டும். நடுவில் வாழ்கிற காலத்தில் அடுத்த வீட்டு ஆடு பப்பாளிச் செடியைத் தின்றுவிட்டால் அவர் ஓடி வரவேண்டும். சாக்கடை அடைத்தால் அவர், மச்சான் வந்து தங்கினால் அவர், மச்சான் போக மறுத்தாலும் அவர். இப்போதைய தலைவன் ஜுமாதி அந்தப் பதவிக்குப் போனபோது காக்கை நிறத்தில் முடி வைத்திருந்தான். ஐந்தே வருடத்தில் அது கொக்கு நிறமாகி, பிறகு கொக்கும் பறந்துபோய்விட்டது. இப்போது செமாராங்கில் மகன் வீட்டோடு போய் இருக்கப்போகிறான். முத்திரையை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு, தீராத வியாதியை யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்ப்பவன் போலத் தெருவில் அலைந்தான்.

நாங்கள் தலைவரை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. அதெல்லாம் சண்டைக்காரர்கள் செய்வது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, தேநீர் குடித்து, எல்லார் மனமும் ஒன்றாகும்வரை பேசுவோம். எழுதி வைக்காத விதிகள் மூன்று உண்டு. கூட்டத்துக்கு வராதவன் தலையில் கட்டிவிடலாம். பேசாமல் இருப்பவன் சம்மதித்தவன். கடைசியில் ஹாஜியார் கையேந்தி துஆ ஓதி, எல்லாரும் ஆமீன் சொல்லிவிட்டால், பிறகு எரிமலை வெடித்தாலும் முடிவு முடிவுதான்.

கூட்டம் மாதம் ஒரு வீட்டில் நடக்கும். நோன்புப் பெருநாள் கழிந்து எட்டாம் நாள் சனிக்கிழமை வந்தது. அடுத்த நாள் ஞாயிறு காலை கூட்டம். எந்த வீட்டு முறை என்கிறீர்கள்? எங்கள் வீடேதான். என் வீட்டுக் கூட்டத்துக்கு நானே வராமல் எங்கே போவேன்?

நான் தப்பிக்க நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் வர்சினா, என் மனைவி.

முப்பத்தாறு வருடம் நான் ஸ்டேஷன் மாஸ்டர். வடக்குக் கடற்கரை ரயில் பாதையில் பதினொரு ஸ்டேஷன். என் கொடி அசைந்து புறப்பட்ட ரயில்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் நிலாவைத் தொட்டுத் திரும்பிவரும். ஆனால் வர்சினா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு ரயிலில்கூட நிம்மதியாகப் போனதில்லை. மாற்றலாகும்போது மூட்டைகளுக்கு நடுவே கோழிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டு போனது மட்டும்தான். ஓய்வு பெற்ற நாளன்று சொன்னாள்: "ஊர்ல இருக்கவங்களையெல்லாம் வழியனுப்பி வெச்சீங்க. இனிமே நீங்களும் நானும் உள்ள உக்காரணும். பன்யுவாங்கில பொண்ணு வீட்டுக்குப் போயி ஒரு மாசம் இருக்கணும்." முதல் வருடம் அவள் முழங்கால் தடுத்தது. இரண்டாம் வருடம் கூரை. மூன்றாம் வருடம் இப்போது. வரும் வியாழக்கிழமைக்கு இரண்டு ஜன்னலோர இருக்கைகள் பதிவாகியிருந்தன. அவளது பெட்டி நோன்பின் பாதியிலேயே கட்டப்பட்டு வாசலில் நின்றது. தினமும் அதில் இடித்துக்கொண்டுதான் நான் வெளியே போய்வந்தேன்.

தெருத் தலைவர் ஒரு மாதம் ஊரைவிட்டுப் போக முடியாது. ஒரு நாள் போனாலே ஆடுகளுக்குத் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பங்கரையில் நின்று மேலே பார்த்தேன். மூங்கில் கழியில் கெத்துப்பாட் தொங்கின. தென்னங்குருத்தைப் பின்னி, உள்ளே பாதி அரிசி போட்டு, ஐந்து மணி நேரம் வேகவைத்த கைப்பிடி அளவுச் சதுரங்கள். எட்டாம் நாள் வழக்கப்படி நாங்கள் இருபது செய்து, அத்தனையையும் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். எல்லா வீட்டாரும் அதையேதான் செய்தார்கள். ஆகவே எங்களுக்கு வந்து சேர்ந்தவை அறுபத்து மூன்று. அதில் ஐந்து நாங்கள் கொடுத்தவையே! வர்சினாவின் முடிச்சு எனக்குத் தெரியாதா? முஜியோனோ வாத்தியார் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஜுமாதி வீட்டுக்கு மாறி, ஹாஜியார் வீட்டில் சற்றே இளைப்பாறி, ஊரைச் சுற்றிப் பார்த்த களைப்போடு திரும்பி வந்து தொங்கின.

"இத்தனையையும் நாளைக்குப் பொரிச்சு, காய்கறி போட்டுக் கிளறிக் கொடுத்துடு. இருபத்து மூணு பேரு வராங்க," என்றேன்.

"நான் சமைக்க மாட்டேன்," என்றாள் வர்சினா.

"ஏன்?"

"நான் சமைச்சா நல்லா இருந்து தொலைச்சிடும். தின்னுட்டு, ‘அடடா, மாசாமாசம் இந்த வீட்டுலயே கூட்டம் வெச்சுக்கலாமே’ன்னு உங்க கையில முத்திரையைக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. எனக்கு வியாழக்கிழமை ரயிலு. நீங்க சமைங்க."

"நான் சமைச்சா?"

"ஒருத்தன் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டான்."

முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் என் நெஞ்சில் இப்படி யாரும் சட்டுவத்தால் அடித்ததில்லை. யோசனை என்னவோ அருமையான யோசனைதான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கெட்ட சாப்பாடு போட்டு விரட்டுவது ஒரு தந்திரம். ஆனால் அதற்கு நான் முயற்சியே செய்யவேண்டாம், இயல்பாகச் சமைத்தாலே போதும் என்று நினைக்கிறாளே!

கார்திமான் என்கிற எனக்குள் அவளுக்குத் தெரியாத இன்னொரு கார்திமான் இருக்கிறான். பிள்ளைகள் படிப்புக்காக அவள் இங்கே இருந்த ஒன்பது வருடம், நான் குக்கிராம ஸ்டேஷன்களில் தனிக்கட்டை. இரண்டு ரயிலுக்கு நடுவே இருக்கிற பதினெட்டு நிமிடத்தில் சமைத்துச் சாப்பிட்டவன் நான். தபால் வண்டி வரும்போது வெங்காயம் போட்டால், சரக்கு வண்டி போகும்போது இறக்கிவிடுவேன். என் சட்டியின் வாசனைக்காகவே நிற்கக்கூடாத எக்ஸ்பிரஸ் ஒன்று நின்றது. விசாரணைகூட நடந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, சிக்னல் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார்.

"சரி. நானே சமைக்கிறேன். நாறடிச்சுடறேன்," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த நேரத்தில் நான் அதை நினைத்துத்தான் சொன்னேன்.

ஞாயிறு விடிந்ததும் கெத்துப்பாட் ஓலையை அறுத்து உரித்தேன். உள்ளே அரிசி ஒன்றோடொன்று இறுகி, ஓலையின் பின்னல் தடம் பதிந்து, வெள்ளைக் கல் போல இருந்தது. மோசமாகச் சமைப்பவன் இதை அப்படியே ஈரத்தோடு எண்ணெயில் போடவேண்டும். சட்டியில் ஒட்டி, உடைந்து, கஞ்சியாகிவிடும். நான் அதைத்தான் செய்யப் போனேன். ஆனால் கத்தி என் பேச்சைக் கேட்கவில்லை. கட்டைவிரல் கனத்துக்குத் துண்டு துண்டாக, அளவெடுத்த மாதிரி வெட்டித் தள்ளியது. சரி, வெட்டியது வெட்டியாகிவிட்டது என்று முறத்தில் பரப்பிக் கடல்காற்றில் வைத்தேன். மேலே ஈரம் காய்ந்தால்தான் மொறுமொறுப்பு வரும். இதையெல்லாம் ஏன் செய்கிறோம் என்று கேட்டுக்கொண்டே செய்தேன்.

சின்ன வெங்காயம், பூண்டு, சிவப்பு மிளகாய், நெருப்பில் சுட்ட இறால் விழுது. அம்மியில் வைத்து நசுக்கும்போது உப்பு டப்பா பக்கத்திலேயே இருந்தது. மூன்று கை உப்பு, அவ்வளவுதான். காரியம் முடிந்தது, ரயில் தப்பித்தது. கையை விட்டு அள்ளினேன். சிவப்பு விளக்கைக் கண்ட டிரைவர் மாதிரி கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒரு சிட்டிகைக்கு மேல் விரல் திறக்க மறுத்தது. முப்பத்தாறு வருடம் ஒழுங்காக வேலை செய்த கை அது. கெட்ட பழக்கம் அதற்கு வரவில்லை.

வர்சினா வாசற்படியில் நின்று மூக்கைச் சுளித்தாள். "நல்ல வாசனை வருதே?"

"ஆரம்பத்துல அப்படித்தான் வரும். போகப்போக நாறும்."

"எனக்கு என்னமோ நம்பிக்கை வரல."

எனக்கும் வரவில்லை.

ஒன்பது மணிக்கு இருபத்து மூன்று பேரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். காது கேட்காத ரொட்டிக்கடைக்காரர், தேநீர் ஊற்றும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். பிஸ்கட் டப்பாவை நடுவில் வைத்தான் ஜுமாதி. அவனுக்குப் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார் முஜியோனோ வாத்தியார்.

வாத்தியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பது வருடம் இந்த ஊர் ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியர். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் காது முறுக்கு வாங்கியவர்கள். நிமிர்ந்து உட்கார், நகம் வெட்டு, வாயில் சாப்பாடு இருக்கும்போது பேசாதே: இந்த மூன்றும்தான் அவர் பாடத்திட்டம். கணக்கு, பூகோளமெல்லாம் மிச்ச நேரத்தில். சட்டைப் பையில் ஏழு பேனா வைத்திருப்பார். வாரம் ஒருமுறை ஜுமாதியின் பதிவேட்டை வாங்கி, கோடு கோணலாக இருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். தலைவர் பதவியை அவரிடம் நீட்டினால், "சேச்சே, நான் எம்மாத்திரம்" என்று இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். எங்கள் ஊர் மரியாதை அது. அந்த மரியாதை முடிந்த கையோடு, என்னை அந்த நாற்காலியில் உட்காரவைப்பதே தன் கடைசிக் காலக் கடமை என்பது போல அலைந்துகொண்டிருந்தார்.

ஹாஜியார் சுருக்கமாக ஓதித் தொடங்கிவைத்தார். பேச்சு முடிந்த பிறகுதான் சாப்பாடு என்பது வழக்கம். ஆகவே கூட்டமும் என் சட்டியும் ஒரே நேரத்தில் சூடேறின.

இதிலிருந்த ஆபத்தை நான் யோசிக்கவே இல்லை. கெத்துப்பாட் துண்டுகளைத் தேங்காயெண்ணெயில் போட்டால் தொடக்கூடாது. அடிப்பக்கம் பொன்னிறமாகி, தானாகவே சட்டியை விட்டுக் கழன்று வரும். அந்த நொடியில் புரட்டிவிட வேண்டும். அதற்கு முன்பு புரட்டினால் பிய்யும், பின்பு புரட்டினால் கரியும். அந்த நொடி வரும்வரை சட்டிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். ஆனால் கூடத்தில் என் பெயர் வரும்போது நான் அங்கே இல்லாவிட்டால் நான் தலைவன்.

முதல் தடவை போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினேன். வாத்தியார் சாக்கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திரும்ப ஓடி வந்து புரட்டினேன். மறுபடி ஓடினேன். ஆட்டைப் பற்றிப் பேசினார். ஓடி வந்து எடுத்து, அடுத்த தொகுதியைப் போட்டேன். அன்று நான் கூடத்துக்கும் அடுப்படிக்கும் ஓடிய தூரத்தைக் கூட்டினால் பெக்காலோங்கான் நகரம் வரை போய்த் திரும்பியிருக்கலாம்.

"மாஸ்டரு என்ன, வயிறு சரியில்லியா? இப்படி ஓடறாரு?" என்றான் ஜுமாதி.

"இங்கதான் இருக்கேன்!" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன். "எல்லாம் கேக்குது! நான் வந்தவன் கணக்குலதான்!"

கடைசித் தொகுதி எண்ணெயில் கிடந்தபோது, கூடத்திலிருந்து வாத்தியாரின் பள்ளிக்கூடக் குரல் வந்தது. "ஆக, நமக்கு வேண்டியவர் எப்படிப்பட்டவர்? நேரம் தவறாதவர். சீல் குத்திப் பழக்கப்பட்டவர். வீட்ல இடம் உள்ளவர்…"

வர்சினா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "போங்க! உங்களைத்தான் சொல்றாரு!"

"அடிப்பக்கம் இன்னும் கழலல வர்சி. இன்னும் ஒரு நிமிஷம்."

"கரிஞ்சா கரியட்டுமே! நாறடிக்கிறேன்னுதானே சொன்னீங்க?"

"கரிய விடறதா? என் கையாலயா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சத்தியம் போன இடம் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, நல்லா சமைச்சுட்டீங்களா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். வீட்டுக்குத் தீ வைத்துவிட்டீர்களா என்று கேட்பதுபோல இருந்தது.

அந்த நொடி வந்துவிட்டது. துண்டுகள் கழன்றன. எடுத்து ஓரம் வைத்தேன். அதே சட்டியில் நசுக்கிய மசாலா சீறியது. காரட், காராமணி, பிறகு கோஸ், கடுகுக்கீரைத் தண்டு. ஓரத்தில் நான்கு முட்டையை உடைத்துக் கலைத்தேன். பொரித்த துண்டுகளை மேலே கொட்டி, தேன் போல ஒழுகும் இனிப்புச் சோயா சாஸைச் சட்டியின் விளிம்பைச் சுற்றி விட்டேன். நடுவில் விட்டால் வெறும் நனைவுதான். விளிம்பில் விட்டால் இரும்பின் சூட்டில் பாகாகிப் புகைந்து இறங்கும். அந்தப் புகைதான் இந்தச் சமையலின் உயிர். கடைசியாக இலையும் முளைப்பயறும், இரண்டே புரட்டல்.

அந்தப் புகை எனக்கு முன்னால் கூடத்துக்குப் போய்விட்டது.

"…ஆகவே நான் முன்மொழிவது, நமது மதிப்புக்குரிய…" என்றார் வாத்தியார். நிறுத்தினார். அவர் மூக்கு தனியாக என் அடுப்படியைப் பார்த்துத் திரும்பியது. இருபத்து மூன்று மூக்கும் திரும்பின. நாலு தெரு தள்ளி ஒரு பூனை மதில் மேலிருந்து விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள். நான் நம்பினேன்.

நான் சட்டியோடே கூடத்துக்குள் வந்து நின்றேன். "சூடு ஆறுனா வீணாப் போயிடும். முதல்ல சாப்பிடுவோமா?"

"ஆறக்கூடாது, ஆறக்கூடாது," என்றார் ஹாஜியார். "பேச்சு எங்க ஓடிடப் போவுது?"

பரிமாறினேன். ஹாஜியாருக்கு மேலே இரண்டு, கீழே மூன்று பல். அவருக்கென்று பொரிக்காத மெத்தென்ற துண்டும் முட்டையும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். முதலில் அவருக்குத்தான் கொடுத்தேன். மற்றவர்களுக்கு மொறுமொறுவென்று. வாத்தியாருக்கு மூலைத் துண்டுகள். மூலையில் அரிசி இன்னும் இறுக்கமாக இருக்கும், மூன்று பக்கமும் பொரிந்திருக்கும். கடித்தால் நொறுங்கும். நொறுங்கிய பிறகு உள்ளே இருப்பது எவ்வளவு மென்றாலும் தீரவே தீராது. அவருக்கு அப்படி வைத்தது தற்செயல் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. சொல்லாமலேயே விட்டுவிடுகிறேன்.

பேச்சு நின்றது. கூடம் முழுக்க நொறுக் நொறுக் என்ற சத்தம் மட்டும். செருப்பில்லாத படை ஒன்று சரளைக்கல் மேல் நடந்து போவது மாதிரி இருந்தது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். மென்றார். மெல்லத் தலையாட்டினார். இன்னும் வேகமாகத் தலையாட்டினார். தட்டை நீட்டினார். இன்னும் நான்கு மூலைத் துண்டு வைத்தேன். இரண்டை ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டார்.

நான் சாப்பிடவில்லை. விருந்தினர் சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டுக்காரன் வாயில் எதுவும் போடக்கூடாது, அதுதான் எங்கள் வழக்கம். சட்டியைப் பிடித்தபடி நின்று, அசைபோடும் இருபத்து மூன்று வாய்களைப் பார்த்தேன். அப்போதுதான் அது என் மூளையில் பச்சை விளக்காக எரிந்தது. இந்தக் கூடத்தில் காலியான வாய் என்னுடையது ஒன்றுதான்.

"சகோதரர்களே," என்றேன். "நீங்க சாப்பிடுங்க, நிறுத்தாதீங்க. வாத்தியார் விட்ட இடத்துலேருந்து நான் சொல்லி முடிச்சுடறேன். நேரம் தவறாதவர் வேணும்னாரு. நாற்பது வருஷம் பள்ளிக்கூட மணி அடிச்சவர் யாரு? சீல் குத்திப் பழகினவர் வேணும்னாரு. நம்ம பிள்ளைங்க சான்றிதழ்ல எல்லாம் சீல் குத்தினவர் யாரு? நான் முன்மொழிவது, நமது மதிப்புக்குரிய முஜியோனோ வாத்தியார்."

வாத்தியாரின் கண்கள் திறந்தன. எப்படித் திறந்தன! இரண்டும் முட்டையாக வெளியே வந்துவிடும் போலிருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. ஒரு கையை உயர்த்தினார். வாயைத் திறக்கப் போனார். எதிரே உட்கார்ந்திருந்த அவருடைய பழைய மாணவர்கள் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் வாயைப் பார்த்தார்கள். வாயில் சாப்பாட்டோடு பேசியதற்காக நான்காம் வகுப்பில் வெயிலில் நின்றவர்கள் அவர்கள். வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். அவசர அவசரமாக மென்றார். கெத்துப்பாட் அவசரப்படவில்லை.

"யாருக்காவது மறுப்பு உண்டா?" என்றேன்.

நொறுக் நொறுக்.

"ஜுமாதி?"

ஜுமாதி வாய் நிறையத் தின்றுகொண்டே, கண்ணில் நீர் வர, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். பிஸ்கட் டப்பாவைத் தானே வாத்தியாரின் முழங்கால் வரை நகர்த்தி வைத்தான்.

"வாத்தியாரே, நீங்க தலையாட்டிட்டு இருந்தீங்களே?"

வாத்தியார் "ம்ம்! ம்ம்!" என்றார். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் எனக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ஹாஜியார் மெத்தென்ற துண்டுகளை முடித்துவிட்டு, ஐந்து பல்லையும் நாக்கால் துடைத்து, கையைக் கழுவி உலர்த்திக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகவே தோன்றியது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று இரண்டு கையையும் ஏந்தினார். தெருவுக்காகவும் புதுத் தலைவருக்காகவும் நீளமாக ஓதினார். முடிவில் மற்ற இருபத்தொரு பேரும் வாய் நிறைய, "ஆமீன்" என்பது போன்ற ஒரு சத்தம் போட்டார்கள். துஆவுக்கு ஆமீன் சொல்லாமல் இருக்க முடியுமா? வாத்தியாரும் சொன்னார். முதலில் விழுங்கினார், பிறகு தெளிவாக, நாற்பது வருட உச்சரிப்போடு சொன்னார்.

அடுத்த நொடியே என்னைப் பார்த்து, "கார்திமான், நீங்க மனுஷனா?" என்றார்.

"இன்னொரு தட்டு வைக்கட்டுமா வாத்தியாரே?"

"வைங்க," என்றார்.

அடுப்படிக் கதவிடுக்கில் வர்சினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் இருக்கும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். வாத்தியார் தன் வீட்டு வாசலில் பலகை மாட்டிக்கொண்டிருந்தார். தலைவரைப் பார்க்கும் நேரம், பார்க்கக் கூடாத நேரம், வரிசையில் நிற்கும் முறை எல்லாம் மூன்று வண்ணத்தில் எழுதியிருந்தது. அந்தப் பலகையை ஒரே இரவில் யாராலும் எழுத முடியாது. பெயிண்ட் காய்ந்து பல மாதமாகியிருந்தது. அதை நான் கவனித்ததை அவர் கவனித்தார். அடுத்த ஆணியை இன்னும் ஓங்கி அடித்தார்.

ஆனால் என்னை அவர் விடவில்லை. ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவன் தலைவரிடம் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கவேண்டும். செவ்வாய்க்கிழமை எழுதிக்கொண்டு போனேன்.

"எழுத்து சாய்ஞ்சிருக்கு," என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுபடி எழுதினேன். "ஓரத்துல இடம் விடல."

மறுபடி எழுதிக்கொண்டு புதன்கிழமை போனேன். காகிதத்தைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். "இணைப்பு இல்லியே?"

"என்ன இணைப்பு?"

"ஒரு தட்டு. மூலைத் துண்டா இருக்கட்டும்."

அன்றிரவே புதிதாகக் கெத்துப்பாட் வேகவைத்து, வியாழக்கிழமை காலை சட்டியை ஏற்றினேன். வர்சினா அம்மியில் வெங்காயம் நசுக்கித் தந்தாள். அவள் அடுப்படியில் நான் சமைக்க அவள் கைவேலை செய்தது அதுதான் முதல் தடவை. நான் ஒன்றும் சொல்லாமல் அதை ரசித்தேன். ஒன்றும் சொல்லாமலா? "உப்பைப் பார்த்துப் போடு" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அவள் சட்டுவத்தை ஓங்கினாள்.

வாத்தியார் தட்டைக் காலி செய்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்த பிறகுதான் பேசினார். "அன்னிக்கு நான் தலையாட்டினது ருசிக்கு."

"தெரியும் வாத்தியாரே."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

ஏழு பேனாவில் ஒன்றை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரையை மையில் ஒற்றி, ஊதி, காகிதத்தில் வைத்து, உடம்பின் மொத்த எடையையும் அதன் மேல் சாய்த்து அழுத்தினார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் முத்திரை குத்தி நான் பார்த்ததில்லை. முப்பத்தாறு வருடத்தில் நான் அப்படி ஒன்றுகூடக் குத்தவில்லை. "சரியா ஒரு மாசம். ஒரு நாள் கூடினாலும் உங்களைச் செயலாளராப் போட்டுடுவேன்," என்றார். அவர் செய்வார். ஆகவே திரும்பி வரும் டிக்கெட்டையும் அன்றே எடுத்துவிட்டேன்.

ரயிலில் வர்சினா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெட்டி மேலே போயிற்று. மடியில் கோழிக்கூண்டு இல்லை, வாழையிலைப் பொட்டலம் மட்டும் இருந்தது. நடைமேடையில் புது ஸ்டேஷன் மாஸ்டர் வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். நேரமாகிவிட்டது. அவர் இன்னும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அரை நிமிடம் போயிற்று. என் வலது கை தானாக எழுந்தது, நானும் பாதி எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க," என்றாள் வர்சினா. "நீங்க பிரயாணி."

பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டைத் தான் வாயில் போட்டுக்கொண்டு, தூக்கியிருந்த என் கையில் ஒன்றை வைத்தாள். ஆறியும் மொறுமொறுப்பு போகவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்தபடி மென்றாள். மெல்லத் தலையாட்டினாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

வாயில் சாப்பாடு இருப்பதாகச் சைகை காட்டினாள்.

ரயில் இரண்டு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. அதைப் பற்றி எனக்கு ஆயிரம் கருத்து இருந்தது. என் வாயும் நிறைந்திருந்தது.